பழைய ஸ்பெசிமன் தூண்டில் கோல்கள் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் ஏரிகளிலும் ஆறுகளிலும் பெரிய மீனுக்காகக் காத்துக் கிடப்பவர்களில் பலர், கடையில் பளபளப்பாக அடுக்கி வைத்திருக்கும் புதிய கோல்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முப்பது ஆண்டுகளுக்கு முன்போ அறுபது ஆண்டுகளுக்கு முன்போ செய்யப்பட்ட சில கோல்களைத் தேடி அலைவார்கள். அந்த அலைச்சல் எனக்கும் உண்டு. இங்கே குடியேறித் தூண்டில் போடத் தொடங்கிய தமிழ் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லி வந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பேச்சில் ராட் என்று சொல்வதை இந்தப் பக்கத்தில் கோல் என்றே குறிப்பிடுகிறேன்.

ஸ்பெசிமன் கோல் என்பது எந்த வகைக் கோல்?

தூண்டில் போடுகிறவர்களில் ஒரு சாரார் எது கடித்தாலும் மகிழ்கிறவர்கள். மற்றொரு சாரார் ஒரே இனத்தைக் குறிவைத்து, அந்த இனத்திலும் பெருமீனை மட்டும் எதிர்பார்த்து, இரவு பகல் பாராமல் கரையில் கிடப்பவர்கள். இந்த இரண்டாம் வகைக்குத்தான் ஸ்பெசிமன் மீன்பிடிப்பு என்று பெயர். கார்ப், பார்பெல், டென்ச், பைக், சப், பிரீம் ஆகியவை அவர்கள் தேடும் மீன்கள். கார்ப் என்பது நம்மூர்க் குளங்களில் கட்லா, ரோகுவுடன் சேர்த்து வளர்க்கிற சாதாக் கெண்டைதான். இந்தத் தூண்டில்காரர்கள் அதைக் குழம்பு வைப்பதில்லை, எடை பார்த்துப் படமெடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள்.

கோல் பெரும்பாலும் 10 முதல் 13 அடி நீளமும் இரண்டு துண்டுகளும் கொண்டதாக இருக்கும். ஈயக்குண்டைத் தொலைவுக்கு வீசும் விறைப்பும், முள்ளில் மாட்டிய பெருமீன் திமிறும்போது தூண்டில் நரம்பு அறுந்துவிடாமல் தாங்கிக்கொள்ளும் நெகிழ்வும் அதற்கு ஒருசேர வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான குணங்கள் என்பதால், இரண்டும் சரியாகப் பொருந்திய கோல் எப்போதோ ஒருமுறைதான் பிறக்கிறது. அப்படிப் பிறந்தவற்றைத்தான் செய்வது நின்று பல ஆண்டுகளான பிறகும் ஆட்கள் தேடுகிறார்கள்.

இந்தத் தேடலுக்கு ஒரு தொடக்கம் இருக்க வேண்டுமே?

இருக்கிறது. ரிச்சர்ட் வாக்கர் என்ற பொறியாளர், கார்ப் போன்ற பெருமீனுக்கென்றே அளவு கணக்கிட்டுத் தனியாக ஒரு கோலை வடிவமைத்தார். மூங்கிலைப் பிளந்து, ஆறு முக்கோணச் சிம்புகளாகச் சீவி, ஒன்றோடொன்று ஒட்டி அறுகோணமாகச் செய்த 10 அடிக் கோல் அது. மார்க் ஃபோர் என்ற பெயரில் இன்றும் பேசப்படுவது அதுதான். 1952 செப்டம்பர் 13 அன்று ஹெரிஃபோர்ட்ஷைரில் உள்ள ரெட்மயர் குளத்தில் அவர் 44 பவுண்டு எடையுள்ள கார்ப் ஒன்றைப் பிடித்தார். அந்த மீன் லண்டன் விலங்குக் காட்சிசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1971 வரை அங்கே உயிரோடு இருந்தது. அதே குளத்தில் 1980 ஜூன் மாதம் கிறிஸ் யேட்ஸ் 51 பவுண்டு 8 அவுன்ஸ் கார்பைப் பிடித்தபோது, கார்பன் கோல்கள் சந்தைக்கு வந்துவிட்டிருந்த காலத்திலும், அவர் கையில் இருந்தது பிளவு மூங்கில் கோல்தான். இந்த இரண்டு மீன்களும் பழைய கோல்களின் விலையை உயர்த்தியதைப் போல எந்த விளம்பரமும் உயர்த்தவில்லை என்பது என் எண்ணம்.

எந்தெந்தப் பெயர்களைத் தேடுகிறார்கள்?

மூன்று தலைமுறைகளாகப் பிரித்துப் பார்ப்பது எளிது. மூங்கில் தலைமுறையில் மேற்கு லண்டன் ஈலிங்கைச் சேர்ந்த பி. ஜேம்ஸ் அண்ட் சன் செய்த மார்க் ஃபோர் முதலிடம் பெறுகிறது. அதன் மெல்லிய தம்பியான மார்க் ஃபோர் ஏவான் என்ற கோல் சப், பார்பெல் பிடிப்பவர்களுக்குப் பிடித்தமானது. வேர் ஊரின் சாப்மன் செய்த 500, ரெடிட்சின் ஆல்காக் செய்த வாலிஸ் விசர்ட், ஆனிக் ஊரின் ஹார்டி நிறுவனம் பாலக்கோனா என்ற பெயரிட்டு விற்ற மூங்கில் கோல்கள் ஆகியவையும் இந்த வரிசையில் வரும்.

இரண்டாவது கண்ணாடி இழைத் தலைமுறை. கனம் அதிகம், வேகம் குறைவு என்பதால் அதைத் தேடுகிறவர்கள் குறைவு, விலையும் குறைவு. முதன்முதலாகப் பழைய கோல் ஒன்றை வாங்கிப் பழக நினைப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். தவறினாலும் பெரிய நட்டமில்லை.

மூன்றாவது கார்பன். 1960களில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் உருவான கார்பன் இழை 1970களில் தூண்டில் கோலுக்குள் நுழைந்தது. லிவர்பூலின் ஹாரிசன், டர்ஹம் பகுதியின் செஞ்சுரி, ஸ்காட்லாந்தின் விஷா ஊர் ஆலையில் டைவா செய்தவை, ஃப்ரீ ஸ்பிரிட் ஆகியவை அடிக்கடி காதில் விழும் பெயர்கள். இவற்றில் ஹாரிசனைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அந்த நிறுவனம் பிளாங்க் எனப்படும் வெற்றுக் கழியையும் விற்கிறது. அதை வாங்கித் தங்கள் விருப்பப்படி நரம்பு செல்லும் வளையமும் கைப்பிடியும் பொருத்தி, தங்கள் பெயரை எழுதித் தரும் தனிக் கைவினைஞர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே ஹாரிசன் டாரிக்ஸ் என்றோ ஹாரிசன் பலிஸ்டா என்றோ ஒரே பெயர் சொல்லி விற்கப்படும் இரண்டு கோல்களில் கழி ஒன்றாகவும் வேலைப்பாடு மலைக்கும் மடுவுக்குமாகவும் இருக்கலாம். கட்டியவர் யார் என்று தவறாமல் கேளுங்கள்.

கோலின் மேல் 1.5 பவுண்டு, 3 பவுண்டு என்று எழுதியிருப்பது கோலின் எடையா?

இல்லை. அது டெஸ்ட் கர்வ் என்ற வளைவு அளவு. கோலின் அடியை அசையாமல் நிறுத்தி, நரம்பை எல்லா வளையங்களிலும் கோத்து, நுனி அடிப்பகுதிக்குச் செங்கோணத்தில் திரும்பும் வரை இழுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டுமோ, அந்த எண்தான் எழுதப்பட்டிருக்கும். மார்க் ஃபோர் கார்ப் கோலுக்கு இது ஏறத்தாழ 1.5 பவுண்டு. இன்றைய கார்ப் கோல்களுக்கு 2.75, 3, 3.5 என்று ஏறிக்கொண்டே போகிறது.

இதிலிருந்து இரண்டு கணக்குகள் போடலாம். டெஸ்ட் கர்வை ஐந்தால் பெருக்கினால் அந்தக் கோலுக்கு ஏற்ற நரம்பின் வலு தோராயமாகக் கிடைக்கும். ஒரு பவுண்டுக்கு ஓர் அவுன்ஸ் என்று எடுத்துக்கொண்டால் வசதியாக வீசக்கூடிய ஈயத்தின் எடை கிடைக்கும். அதன்படி 1.5 பவுண்டுக் கோலுக்கு ஏழரைப் பவுண்டு நரம்பும் ஒன்றரை அவுன்ஸ், அதாவது 42 கிராம் அளவு ஈயமும் பொருந்தும். 3 பவுண்டுக் கோலுக்கு 15 பவுண்டு நரம்பும் 85 கிராம் ஈயமும் பொருந்தும். கொஞ்சம் முன்பின்னாகப் போகலாம், இருமடங்காகப் போகக் கூடாது.

எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு ஏற்றபடி அளந்திருக்கிறது. காய்கறிக்காரர் வைத்திருப்பது போன்ற சிறிய தொங்கு தராசு ஒன்றும் நண்பர் ஒருவரும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே அளந்துவிடலாம். மூங்கில் கோலாக இருந்தால் அந்த வளைவில் நெடுநேரம் பிடித்து நிறுத்தாதீர்கள். அளக்கும்போது எண்ணோடு வளைவின் வடிவத்தையும் பாருங்கள். அடிவரை முழுதாக வளையும் கோல் கரையோரத்தில் மீனோடு மல்லுக்கட்ட நல்லது. நுனி மட்டும் மடங்கி அடி விறைத்து நிற்கும் கோல் தொலைவு வீச்சுக்கு நல்லது. இரண்டு கோல்களுக்கும் ஒரே எண் இருக்கலாம்.

மார்க் ஃபோர் என்று ஒருவர் விற்கிறார். அசல்தானா என்று எப்படித் தெரியும்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. எளிய பதில் எனக்கு வாய்க்கவில்லை.

முதல் சிக்கல், வாக்கர் தம் கோலின் அளவுகளை ஒளித்து வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்டார். அதைப் பார்த்து வீட்டுக் கொட்டகையில் செய்தவர்கள் பலர், கழியை மட்டும் விலைக்கு வாங்கித் தாங்களே வளையம் கட்டி முடித்தவர்கள் பலர், அதே அளவில் வேறு பெயரில் விற்ற பட்டறைகள் சில. ஆகவே மார்க் ஃபோர் என்ற சொல் ஓர் அளவைக் குறிக்கிறது. அதைச் செய்த பட்டறையைக் குறிப்பதில்லை. விற்பவர் பொய் சொல்லாமலேயே நீங்கள் ஏமாந்துபோகலாம்.

இரண்டாவது சிக்கல் முத்திரை. கைப்பிடிக்கு மேலே மூங்கிலின் மீது ஒட்டப்பட்ட நிறுவனத்தின் ஒட்டுப்படத்தை இன்று புதிதாக அச்சிட்டு ஒட்ட முடியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், அசல் முத்திரை வார்னிஷுக்கு அடியில் இருக்கும், அதன் மேல் படிந்த வார்னிஷ் பக்கத்து இடங்களைப் போலவே தேன் நிறத்துக்கு மங்கி, அங்கங்கே மயிரிழை வெடிப்போடு இருக்கும். முத்திரை மட்டும் வெள்ளை வெளேரென்று பளிச்சிட்டு, கோல் முழுவதும் பழுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். கோல் முழுவதும் புது வார்னிஷ் பூசியிருந்தால் முத்திரையைச் சான்றாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவதாக, உறுப்புகள் ஒரே வயதுடையவையா என்று பாருங்கள். துண்டுகளை இணைக்கும் பித்தளைப் பூண், கார்க் கைப்பிடி, நரம்பைச் சுற்றும் ரீலைப் பிடிக்கும் வளையப் பட்டைகள், அடி வளையம், நுனி வளையம் எல்லாம் ஒன்றாக வயதானவை என்றால் ஒன்றாகத் தேய்ந்திருக்கும். உரியவரின் பெயர் எழுதிய துணிப்பை, பழைய விற்பனைச் சீட்டு போன்றவை கிடைத்தால் அவற்றின் மதிப்பே தனி.

வீட்டில் செய்த கோலைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கைத்திறமையுள்ள ஒருவர் செய்த மார்க் ஃபோர், ஈலிங்கிலிருந்து வந்ததைப் போலவே மீனைக் கரையேற்றும். அதற்கு ஈலிங் விலை கேட்பதுதான் தவறு.

மூங்கில் கோலை நேரில் பார்க்கும்போது எதைச் சோதிப்பது?

தச்சர் பலகையின் விளிம்பை ஒரு கண்ணை மூடி நோட்டம் பார்ப்பதைப் போல, முதலில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகவும் பிறகு பூட்டியும் நீளவாக்கில் பாருங்கள். பெருமீன்களை இழுத்த கோலில் ஒரு பக்கமாகச் சிறு வளைவு நிலைத்துவிடும். சிறு வளைவு குற்றமில்லை, வில்லைப் போலத் தெரிந்தால் விலகுங்கள். அடுத்து இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம் ஒப்பிடுங்கள். நுனித்துண்டு இரண்டு மூன்று அங்குலம் குறைந்திருந்தால் எப்போதோ கதவிடுக்கில் சிக்கி முறிந்து, புது நுனி வளையம் போட்டு மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். இப்படிக் குட்டையான கோல் என் கைக்கு வந்ததைவிட அதிகமாக வேறெந்தக் குறையுள்ள கோலும் வந்ததில்லை.

பிறகு பூண். நன்றாக இருக்கும் பித்தளைப் பூணை நேராக இழுத்தால் சீசா மூடி திறப்பதைப் போல டப்பென்ற ஓசையோடு விடுபடும். தளர்ந்திருந்தால் ஓசை வராது. கோலைப் பூட்டி மெல்ல ஆட்டும்போது டிக் டிக் என்று கேட்டால் பூணுக்குள் ஒட்டு விட்டிருக்கிறது. இதைச் சரிசெய்ய முடியும். இறுகிப்போன பூணை ஒருபோதும் முறுக்கிக் கழற்றாதீர்கள், மூங்கிலின் ஒட்டுகளைப் பிய்த்துவிடும்.

ஒட்டுகள் விலகியுள்ளனவா என்று அறிய, அறுகோணத்தின் ஆறு விளிம்புகளிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஈரம் இறங்கிய இடம் வார்னிஷுக்கு அடியில் கருத்துத் தெரியும், பெரும்பாலும் வளையத்தைக் கட்டிய நூலின் ஓரத்தில். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கோல்களில் வளையங்களுக்கு நடுவிலும் நெருக்கமாக நூல் கட்டியிருப்பார்கள், அன்றைய பசையின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லாததால். பிசின் வகைப் பசை வந்தபின் அந்தக் கட்டுகள் தேவையற்றுப் போயின.

கார்பன் கோலில் பார்க்க வேண்டியவை வேறா?

வேறுதான். மூங்கில் முன்கூட்டியே முனகும், கார்பன் எச்சரிக்கையே இல்லாமல் முறியும். ஈயக்குண்டு மோதியோ கார் கதவு நசுக்கியோ இழை உடைந்திருந்தால் மேலே சிறு கீறல் மட்டுமே தெரியும். நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டாத கீறல் மேற்பூச்சில் விழுந்தது. நகம் மாட்டினால் இழையில் விழுந்தது என்று கொண்டு, அந்தக் கோலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விற்பவர் அனுமதித்தால் மெல்ல வளைத்து, காதை அருகில் வைத்துக் கேளுங்கள். நொறுங்கும் சிறு ஓசை வந்தால் பேரமே வேண்டாம்.

அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இணைப்பு. பழைய கார்பன் கோல்களில் கீழ்த்துண்டின் தலையில் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும், அது மேல்துண்டின் வாய்க்குள் செருகும். ஸ்பிகட் என்று இதைச் சொல்வார்கள். சரியாக இருக்கும் ஸ்பிகட்டை இறுகச் செருகிய பின்னும் இரு துண்டுகளுக்கும் நடுவே 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை, கிட்டத்தட்ட அரை விரற்கடை, இடைவெளி தெரிய வேண்டும். விவரமறியாதவர்கள் அந்த இடைவெளியைக் குறை என்று நினைத்து ஒதுக்கிவிடுவதும், இடைவெளியே இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தும் கோலை மகிழ்ந்து வாங்குவதும் உண்டு. உண்மை நேரெதிர். முளை தேயத் தேய இடைவெளி குறையும். முழுவதும் மூடிவிட்டால் இறுக்குவதற்கு இனி இடமில்லை.

நானும் அப்படி மகிழ்ந்து வாங்கினவன்தான். தனி ஆள் ஒருவரிடம் வாங்கிய 12 அடிக் கோல், படத்தில் இணைப்புக் கோடே தெரியாத அளவுக்கு அழகாக இருந்தது. முதல் நாள் மூன்றாவது வீச்சில் ஈயத்தோடு சேர்ந்து மேல்துண்டும் பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தது. நரம்பு வளையங்களில் கோத்திருந்ததால் இழுத்து எடுக்க முடிந்தது. பக்கத்துத் திட்டில் உட்கார்ந்திருந்த முதியவர் எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து முளையின் மேல் நாலு முறை தேய்த்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தம் இடத்துக்குத் திரும்பினார். அன்று முழுவதும் கோல் பிடித்தது. மெழுகு தற்காலிகத் தீர்வுதான், நிலையான தீர்வுக்குக் கோல் கட்டுபவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வளையங்களைச் சோதிக்கச் சிறிது பஞ்சு போதும். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு வளையத்தின் உட்புறமும் சுற்றி ஓட்டுங்கள். உள்ளே பதித்த பீங்கான் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பஞ்சின் இழை அதில் சிக்கி நிற்கும். அந்த விரிசல் நரம்பைச் சீவிவிடும், மீன் போன பிறகுதான் நாம் நரம்பைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். பழைய மூங்கில் கோல்களின் அடி, நுனி வளையங்களில் பதித்திருக்கும் அகேட் கல்லுக்கும் இதே சோதனை பொருந்தும்.

புதிதாக வளையம் கட்டி, கைப்பிடி மாற்றிய கோலை வாங்கலாமா?

எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சேகரிப்பவர் கண்ணுக்கு மூங்கில் கோலில் அசல் நூலும் அசல் வார்னிஷும் போய்விட்டால் பாதி மதிப்பு போனமாதிரி. மீன் பிடிக்கிறவருக்கோ நல்ல கைவினைஞர் புதுப்பித்த கோல் வரம். கார்பனில் இந்த வேறுபாடு அவ்வளவு இல்லை, ஆயினும் கட்டியவர் பெயர் தெரியாத மறுகட்டு வேலைக்கு நான் கூடுதல் விலை தர மாட்டேன். அழுக்கேறிய கார்க்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் துடைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும்.

ஒற்றைக் கோல் வாங்குவதா, ஜோடியாக வாங்குவதா?

கார்புக்கு இரண்டு அல்லது மூன்று கோல்களை ஒரே வரிசையில் தாங்கியில் வைத்து அமர்வது இங்கே வழக்கம். அதனால் ஒரே கையால் கட்டப்பட்ட ஜோடிக்கும் மூன்றுக்கும் தனித்தனியாக வாங்குவதைவிட விலை அதிகம். ஜோடியில் ஒன்றை மட்டும் பிரித்து விற்கிறவரிடம் மற்றது என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். முறிந்தது என்றால், எங்கே முறிந்தது, எப்படி முறிந்தது என்றும் கேட்க வேண்டும். பார்பெல், டென்ச் பிடிப்பவருக்கு ஒற்றைக் கோலே போதும், அது மலிவாகவும் அமையும்.

நியாயமான விலை எது?

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஒரே கோல் மாதக்கணக்கில் அதே விலைக்கு விற்பனைக்குத் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்பது விளங்கும். மாதிரி, நீளம், டெஸ்ட் கர்வ், கைப்பிடி வகை ஆகிய நான்கும் ஒத்துப்போகும் கோல்களை மட்டுமே ஒப்பிடுங்கள். முழுக் கார்க் கைப்பிடியா, சூட்டில் சுருங்கி ஒட்டும் உறை போட்ட கைப்பிடியா, 50 மில்லிமீட்டர் அடி வளையமா, 40 மில்லிமீட்டரா என்பவையெல்லாம் அவ்வப்போதைய மோகத்தைப் பொறுத்து விலையை ஏற்றி இறக்கும். மோகம் போன வடிவத்தில் நல்ல கழி மலிவாகக் கிடைக்கும், எனக்கு அமைந்த நல்ல கோல்கள் பலவும் அப்படி அமைந்தவையே.

இன்னொன்று பருவம். இங்கிலாந்து ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இந்த மீன்களைப் பிடிக்கத் தடை. ஜூன் 16 நெருங்கும்போது பார்பெல் கோல் தேடுவோர் பெருகுவார்கள். மழைக்காலத்துக்கு முன் குடை வாங்கச் சொல்வதைப் போல, நவம்பரில் வாங்குங்கள் என்று சொல்வேன்.

கடையிலா, தனி ஆளிடமா, ஏலத்திலா?

கடை அல்லது வியாபாரியிடம் இணையவழியாகவோ தொலைபேசியிலோ வாங்கினால், 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி கைக்கு வந்தபின் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கலாம். தனி ஆளிடம் வாங்கும்போது இந்த உரிமை கிடையாது. அவர் சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும், விற்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே, அவர் சொன்னது எழுத்தில் இருக்கட்டும். ‘நல்ல நிலையில் உள்ளது’ என்ற வரி எதையும் சொல்வதில்லை. ‘முறிந்து ஒட்டப்படவில்லை, வளையங்களில் விரிசல் இல்லை, நீளம் குறைக்கப்படவில்லை’ என்ற வரி சொல்கிறது.

நேரில் போய்க் கேட்கக்கூடிய பொது ஏலத்துக்கு அந்த 14 நாள் விதி பொருந்தாது. சுத்தியல் விழுந்த தொகைக்கு மேல் வாங்குபவர் தரகும் அதன்மேல் வரியும் சேரும் என்பதை மனத்தில் கூட்டிக்கொண்டுதான் கையை உயர்த்த வேண்டும். ஏலத்துக்கு முன் பொருளைப் பார்வையிட நாள் ஒதுக்குவார்கள். பஞ்சுக்குச்சியோடு அந்த நாளில் போங்கள்.

நேரில் பார்க்க முடியாவிட்டால் என்னென்ன படங்கள் கேட்பது?

செருகிய நிலையில் இணைப்பின் கிட்டப்படம், நாடாவை அருகில் வைத்து இரு துண்டுகளின் நீளம், நுனி வளையம், அடி வளையம், ரீல் பூட்டும் இடம், எழுத்துகள். பூட்டிய கோலை அடியிலிருந்து நுனிவரை நோட்டம் பார்க்கும் கோணத்தில் ஒரு படம். இவற்றை எடுத்து அனுப்ப ஐந்து நிமிடம் ஆகாது. தயங்குகிறவரை நான் வற்புறுத்துவதில்லை, வாங்குவதுமில்லை.

திருட்டுக் கோலாக இருந்தால்?

கரையிலும் வண்டியிலும் கோல்கள் களவுபோவது இங்கே புதிதல்ல. திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரிந்தால், நீங்கள் அறியாமல் வாங்கியிருந்தாலும் அது உரியவருக்கே போகும், கொடுத்த பணத்துக்கு விற்றவரைத்தான் துரத்த வேண்டும். கைப்பிடியில் ஒரு பெயர் சுரண்டப்பட்டிருப்பது, மூன்று கோல் வரிசையை ரீலோடும் பையோடும் அவசரமாகப் பாதி விலைக்குத் தள்ளுவது, எந்த ஆண்டு யாரிடம் வாங்கினேன் என்று சொல்லத் தடுமாறுவது ஆகியவை போதிய அறிகுறிகள். விற்பவரின் வீட்டில் போய் வாங்குங்கள், வாகன நிறுத்தத்தில் வேண்டாம்.

கூரியரில் உடையாமல் வருமா?

12 அடிக் கோலின் ஒரு துண்டே ஆறடிக்கு மேல் இருக்கும். மழைநீர் இறங்கும் பிளாஸ்டிக் குழாயை அளவுக்கு வெட்டி, துண்டுகளை நுரைத்தாளில் சுற்றி உள்ளே ஆடாமல் அடைத்து, இரு வாய்களையும் மூடி அனுப்பச் சொல்லுங்கள். குழாய்க்கும் அனுப்பும் செலவுக்கும் நீங்களே பணம் கொடுத்துவிடுவது நல்லது. அட்டைச் சுருளில் வந்த கோல்கள் எனக்கு இரண்டு முறை நுனி முறிந்து வந்திருக்கின்றன.

வாங்கிய பழைய கோலில் இன்றைய நரம்பைப் போடலாமா?

தங்கூஸ் நரம்பு எனப்படும் நைலான் ஒற்றை நரம்பைத் தாராளமாகப் போடலாம், வலுவை மட்டும் மேலே சொன்ன ஐந்து மடங்குக் கணக்கில் நிறுத்துங்கள். முறுக்கிப் பின்னிய பிரெய்ட் நரம்பைப் பழைய உலோக வளையங்களில் போடாதீர்கள், ரம்பம் போல வரி வரியாக அறுத்துவிடும். மூங்கில் கோலைப் பயன்படுத்தியபின் துணியால் துடைத்து, காயவைத்து, பையிலிட்டுத் தொங்கவிடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் சாய்ந்தபடியே வளைந்துவிடும், ஈரப் பையில் மூடி வைத்தால் வார்னிஷ் வெளிறிவிடும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மின்கம்பி செல்லும் கரையில் கோலைப் பூட்டியபடி தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது.

பழைய கோலுக்கு நிறுவன உத்தரவாதம் உண்டா?

பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே. ஆனால் நிறுவனம் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தால் உடைந்த துண்டுக்கு மாற்றுத்துண்டு விலைக்குக் கிடைக்குமா என்று கோலை வாங்குவதற்கு முன்பே எழுதிக் கேட்டுக்கொள்ளலாம். நான் கேட்டபோதெல்லாம் ஒரு வாரத்துக்குள் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வந்திருக்கிறது. இல்லை என்று வந்தால், அதே கோலுக்கு நான் சொல்லும் விலை குறையும்.